முயல் கண்ணில் கட்டி: எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா?

கேள்வி: 8 ஜூலை 2023, மாலை 6.12

கரூர் பக்கம். வீட்டில் வெள்ளை முயல் ஒன்று, ஆண், வயது ஒன்றே கால். இடது கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு கட்டி. பத்து நாள் முன்பு புள்ளி மாதிரி இருந்தது, இப்போது தள்ளி நின்று பார்த்தாலே தெரிகிறது. டாக்டர் பார்த்துவிட்டு கண்ணில் ட்யூமர், கண்ணை எடுத்துவிட வேண்டும், விட்டால் மூளைக்கு ஏறிவிடும் என்கிறார். ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது, துள்ளுகிறது. முயலுக்குக் கண்ணில் புற்று வருமா? எடுத்தால் பிழைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

8 ஜூலை 2023, இரவு 10.50

எடுக்காதே தம்பி. கையெழுத்து கேட்டால் இரண்டு நாள் டைம் கேள். ஏழு வருடமாக மொட்டை மாடியில் முயல் வளர்க்கிறேன், கண்ணில் கட்டி என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறேன், இரண்டு தடவையும் புற்று என்றுதான் பயமுறுத்தினார்கள், இரண்டும் புற்று இல்லை. முயலுக்குக் கண்ணில் புற்றெல்லாம் வராது. போட்டோ போடு. கண்ணுக்கு உள்ளேயா, பின்னாலா, இமையிலா என்று சொல். முழி வெளியே தள்ளியிருக்கிறதா என்றும் பார்.

9 ஜூலை 2023, காலை 5.35

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக எழுதிவிட்டேன், சரியாகச் சொல்கிறேன்.

குழப்பமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. சீழ் கோத்தாலும் கட்டி, சதை வளர்ந்தாலும் கட்டி, நீர் கோத்தாலும் கட்டி, தோசை மாவு கரையாமல் நின்றாலும் கட்டி. டாக்டர் கட்டி என்பார், நம் காதில் கேன்சர் என்று விழும். சில சமயம் அவருமே என்ன கட்டி என்று முடிவு செய்திருக்க மாட்டார்.

என் முதல் முயல் மல்லி. 2017. வலது முழி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளியது. 'முழி பிதுங்குது' என்று பேச்சுக்குச் சொல்வோமே, அதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். இமை மூடாது, முழியின் நடுப்பகுதி காய்ந்து மங்கல் அடித்துவிட்டது. ஒரு தனியார் கிளினிக்கில் கண்ணுக்குப் பின்னால் ட்யூமர் என்று சொல்லி மூன்று வாரம் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பின்னால் இருப்பதற்கு முன்னால் எதற்குச் சொட்டு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

அப்புறம் வேறொரு டாக்டரிடம் போனேன். வயதானவர், மாடு ஆடுதான் அதிகம் பார்ப்பவர். அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. வாயைத் திறந்து, காது பார்க்கிற அந்தக் குழல் விளக்கை உள்ளே விட்டு, 'அம்மா, இங்கே பாருங்க' என்றார். மேல் கடைவாய்ப் பல் ஒன்று முள் மாதிரி வளர்ந்து கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது. ஈறோரம் அழுத்தினார். வெள்ளையாக, பழைய ட்யூபில் இறுகிப்போன பற்பசை மாதிரி, புழுப்புழுவாக வெளியே வந்தது. சீழ். முயல் சீழ் அப்படித்தான், நம்முடையதைப் போல ஒழுகாது. அதனால் ஊசி போட்டு உறிஞ்ச முடியாது, கீறிவிட்டாலும் வடியாது, பையோடு சேர்த்து எடுத்தால்தான் உண்டு.

விஷயம் என்னவென்றால் முயலுக்கு 28 பல்லும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நார் உள்ள புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் தேயும். தேயாவிட்டால் மேலே முள் வரும், வேர் எதிர்ப்பக்கமாக நீளும். மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கு நேர் மேலே கண்குழி. வேரில் சீழ் வைத்தால் அது முழியைத்தான் வெளியே தள்ளும். முயலுக்கு ஒரு பக்க முழி பிதுங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பல்லைத்தான்.

மல்லிக்கு நான் கொடுத்தது என்ன? பெல்லட், கேரட், டீயோடு நனைத்த பன். கொழுகொழுவென்று இருந்தாள். பெருமையாகப் போட்டோ போட்டிருக்கிறேன், ஃபேஸ்புக்கில் இன்னும் கிடக்கும். பல்லைப் பிடுங்கிச் சீழ்ப்பையை எடுத்தார்கள். நான்காம் நாள் போய்விட்டாள்.

9 ஜூலை 2023, காலை 5.52

முக்கியமானதை விட்டுவிட்டேன். வீட்டில் கிடக்கும் அமாக்சிசிலின் சிரப்பை வாய்வழியாகக் கொடுத்துவிடாதே. குழந்தைக்குக் கொடுக்கிறோமே என்று நிறைய பேர் கொடுக்கிறார்கள். முயல் குடலில் உள்ள நல்ல கிருமியெல்லாம் செத்து, கெட்டது பெருகி, கழிச்சலில் இரண்டே நாளில் ஆளைக் கொன்றுவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கண் சொட்டும் வேண்டாம், பெயரின் கடைசியில் டி என்று இருந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு. கண்ணில் கீறல் இருக்கும்போது அது விழுந்தால் புண் இன்னும் ஆழமாகும்.

10 ஜூலை 2023, இரவு 9.15

போட்டோ பார்த்தேன். முழி தள்ளவில்லை. கட்டி கண்ணுக்குள், ரோஸ் நிற வளையத்தில் கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில், தயிர்த்துளி போல ஒட்டியிருக்கிறது. சுற்றி ரத்த நாளங்கள் சிவப்பு நூலாக ஓடுகின்றன. பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது, ஏனென்றால் இது அப்படியே குண்டுவின் கண்.

குண்டு என் இரண்டாவது முயல், சந்தையில் வாங்கியது. 2020 கடைசி. நான் கவனித்ததே கண்ணைப் பார்த்து அல்ல, அருகம்புல்லைப் பார்த்து. வலது பக்கம் புல்லை நீட்டினால் பிடுங்குவான், இடது பக்கம் நீட்டினால் மீசையில் படும்வரை சும்மா உட்கார்ந்திருப்பான். சரி, கொழுப்பு என்று நினைத்தேன். ஒரு ராத்திரி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தபோதுதான் தெரிந்தது, ரவை ஒன்று உள்ளே ஒட்டியது மாதிரி. ஒரு வாரத்தில் கடுகு. மூன்று வாரத்தில் பச்சைப்பயறு. இந்த வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் புற்று என்றுதான் தோன்றும், டாக்டரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அது பெரும்பாலும் ஒட்டுண்ணி வேலை. பெயர் நீளம்: என்செஃபாலிடோசூன் குனிகுலி. கண்ணுக்குத் தெரியாத பொடி உயிர். 1922 இல் கால் விளங்காமல் போன குட்டி முயல்களில் முதலில் கண்டுபிடித்தார்கள். மூளைக்குப் போனால் தலை ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், சிறுநீரகத்தில் தங்கினால் மூத்திரத்தில் வித்தாக வெளியேறி அடுத்த முயலுக்குப் போகும். கண்ணுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் விசேஷம். தாய் வயிற்றில் இருக்கும்போதே, குட்டியின் கண் லென்ஸ் உருவாகிற சமயத்தில், அதற்குள் நுழைந்து உட்கார்ந்துவிடும். மாதக்கணக்கில், சிலதில் வருடக்கணக்கில், ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் லென்ஸின் உறை கிழியும். லென்ஸுக்குள் இருக்கும் புரதத்தை உடம்பு அதுவரை பார்த்ததே இல்லை, அந்நியன் என்று நினைத்துப் படை எடுக்கும். அந்தப் படைதான் நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டி. உன் முயலுக்கு வயது ஒன்றே கால், ஒரே கண், உள்ளே வெள்ளை, எல்லாம் பொருந்துகிறது.

டாக்டரிடம் ஃபென்பெண்டசோல் பற்றிக் கேள். ஆட்டுக்குக் கொடுக்கிற குடற்புழு மருந்துதான். எடைக்கு ஏற்ற அளவில் தினம் ஒரு வேளை, 28 நாள், நடுவில் விடக்கூடாது. கூடவே வீக்கம் குறைய மெலாக்சிகாம் கொடுப்பார்கள். ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, ஆனால் கிருமி எப்போதோ வந்து போயிருந்தாலும் அது ஆம் என்றுதான் சொல்லும். எங்களுக்கு அதைச் செய்ய இடமும் கிடைக்கவில்லை.

குண்டுவுக்கு மருந்து கொடுத்தேன், கண்ணை எடுக்கச் சொன்னபோது மாட்டேன் என்றேன், இப்போதும் இருக்கிறான். கேட்டுக்கொள்.

பின்குறிப்பு: வீட்டில் கீமோ எடுப்பவர், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர் யாராவது இருந்தால் கூண்டு கழுவும் வேலையை அவரிடம் கொடுக்காதே. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இந்தக் கிருமி ஒட்டலாம்.

10 ஜூலை 2023, இரவு 9.40

'கண்ணை விரியவைக்கிற சொட்டு போட்டார்கள், அரை மணி நேரத்தில் பழையபடி ஆகிவிட்டது, மருந்து காலாவதியா' என்று கேட்டிருந்தாய். இல்லை. அட்ரோபின் போட்டிருப்பார்கள். நிறைய முயல்களின் ரத்தத்தில் அதை உடைத்துப்போடும் நொதி ஒன்று உண்டு. அட்ரோபின் ஊமத்தையிலும் இருக்கிற சரக்கு, நம்மைத் தூக்கிப்போடும் அளவை முயல் தாங்கிக்கொள்ளும். அதற்காக ஊமத்தையைப் பறித்துப் போடாதே. டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து போடுவார்.

12 ஜூலை 2023, மதியம் 2.05

ஒருவர், 'தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று பேசுகிறீர்கள், இரண்டு முயலை வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்பா' என்று எழுதியிருக்கிறார். மூன்று கால் என்று நான் சொல்லவில்லை ஐயா, நான்கு கால்தான், கண்தான் கணக்கில் குறைகிறது. ஆனால் அவர் கேட்பது நியாயம். வராது என்று எழுதியது அவசரம். வராது என்பதற்கும் நான் பார்க்கவில்லை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வாரக் கடைசியில் உட்கார்ந்து எழுதுகிறேன், இங்கே ஆடிட் நடக்கிறது, தலைக்கு மேல் வேலை.

15 ஜூலை 2023, இரவு 8.30

அதற்குள் இன்னும் நாலு பேர் போட்டோ அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொன்றாக.

மூக்கோரக் கண்மூலையில் ரோஸ் நிறச் சதை உருண்டு வெளியே வந்திருப்பது: முயலுக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு, அதற்கு அடியில் ஹார்டர் சுரப்பி என்று பெரிதாக ஒன்று. அது பிதுங்கினால் இப்படித்தான் இருக்கும். அவசரம் இல்லை, உள்ளே தள்ளித் தைக்கலாம். வெட்டி எறியாமல் இருப்பது நல்லது, கண்ணுக்கு எண்ணெய் விடுவது அதுதான். ஆனால் வயதான முயலாக இருந்தால் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கண்ணே மொத்தமாகப் பெரிதாகி நீலம் பாய்ந்திருப்பது: கட்டியே இல்லை, கண் அழுத்தம். நியூசிலாந்து வெள்ளை இனத்தில் பரம்பரையாக வரும். அந்த ஜோடியை மறுபடி இணை சேர்க்காதீர்கள்.

இரண்டு கண்ணும் ஒரே சமயத்தில் பிதுங்குகிறது, குனிந்து தின்னும்போது அதிகமாகி நிமிர்ந்தால் குறைகிறது என்று எழுதியிருக்கும் அக்காவுக்கு: தயவுசெய்து நாளைக்கே மார்பு எக்ஸ்ரே எடுங்கள். இது கண் நோயாக இருக்காது. நெஞ்சில் இதயத்துக்கு முன்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி, முயலுக்கு அது வயதானாலும் சுருங்குவதில்லை. அதில் வளர்ச்சி வந்தால் தலையிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயை நெரிக்கும். முயலின் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கும் பெரிய அறை இருக்கிறது, ரத்தம் இறங்க வழியில்லாமல் அங்கே நிறைந்து முழியைத் தள்ளுகிறது. மூச்சு வாங்குகிறதா என்றும் பாருங்கள்.

நாலாவது, கண்ணுக்குக் கீழே மெத்தென்று, பட்டாணி நிறைந்த பை மாதிரி இருக்கும் படம். பல் சீழாக இருக்கலாம். ஆனால் அவர் பைபாஸ் ஓரம் அறுத்த புல்லைப் போடுவதாக எழுதியிருப்பதால் இன்னொன்றும் உண்டு: நாயின் நாடாப்புழு. நாய் கழிந்த இடத்துப் புல்லில் முட்டை ஒட்டியிருக்கும், முயல் தின்றால் உடம்புக்குள் நீர்ப்பையாக வளரும், தோலுக்கு அடியிலோ, சில சமயம் கண்ணுக்குப் பின்னாலேயோ. உள்ளே அரிசி அரிசியாகப் புழுத்தலை இருக்கும். ஸ்கேன் பார்த்தால் நீர் என்று தெரிந்துவிடும். வேலிமசாலோ கோ-4 புல்லோ தொட்டியிலாவது வளர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தம்பி, பெட்டை முயல் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. புற்றுக்குப் பயப்பட வேண்டும் என்றால் கருப்பைக்குப் பயப்படுங்கள். சில இனங்களில் நாலு வயது தாண்டிய பெட்டைகளில் பாதிக்கு மேல் அங்கே வருகிறது. கண்ணை உற்றுப் பார்க்கிற நேரத்தில் பாதியாவது மூத்திரத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

16 ஜூலை 2023, இரவு 11.20

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசனை.

8ஆம் தேதி முயலுக்குக் கண்ணில் புற்று வராது என்றேன். தப்பு. குறைவு, ஆனால் வரும். லிம்போமா கண்ணிலும் கண்குழியிலும் வரலாம். இன்னொன்று, என்னைத் தூங்கவிடாதது: லென்ஸ் கிழிந்து நாள்பட்ட கண்ணில் சார்கோமா. பூனைக்கு அடிபட்ட கண்ணில் பல வருடம் கழித்து வருவதாக நன்றாகத் தெரிந்த விஷயம், முயல்களிலும் சில பதிவாகியிருக்கின்றன. அதாவது நான் சொன்ன அந்தப் புற்று இல்லாத கட்டி, கண்ணை அப்படியே வைத்திருந்தால், புற்றுக்கு இடம் கொடுக்கலாம். உன் டாக்டர் நோயின் பெயரைத் தப்பாகச் சொல்லியிருக்கலாம், எடுத்துவிடலாம் என்று சொன்னது தப்பு என்று நான் சொல்ல முடியாது.

சரி, குண்டு கதையில் பாதியைத்தான் சொன்னேன். கண்ணை எடுக்க மாட்டேன் என்றேன், இப்போதும் இருக்கிறான் என்று எழுதினேன் இல்லையா. இருக்கிறான். ஒரு கண்ணோடு இருக்கிறான்.

மருந்து முடிந்ததும் கட்டி வளர்வது நின்றது. சுருங்கக்கூடச் செய்தது. எனக்கு ஒரே மிதப்பு, பார்த்தாயா நான் சொன்னேன் இல்லையா என்று வீட்டில் எல்லோரிடமும். முயலுக்குச் சந்தோஷம் என்றால் பல்லை மெதுவாக அரைக்கும், பூனை உறுமுகிற மாதிரி, மடியில் வைத்துத் தடவினால் தாடையில் அந்த அதிர்வு கைக்குத் தெரியும். 2021 கோடையில் குண்டு ராத்திரி முழுக்கப் பல்லை அரைத்தான். கூண்டுக்கு வெளியிலிருந்தே கேட்கும். நறநறவென்று. நான் வீட்டில் சொன்னேன், பாரு, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறான் என்று.

வலிக்கும் அப்படித்தான் அரைக்கும். மெதுவாக அரைத்தால் சுகம், காதில் விழுகிற மாதிரி அரைத்தால் வலி. தெரியாது எனக்கு. உள்ளே வீங்கி வீங்கி, நீர் வடிகிற வழி அடைத்து, அழுத்தம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. முயல் கத்தாது, முனகாது, வேட்டையாடப்படுகிற ஜாதி, வலியைக் காட்டிக்கொண்டால் செத்தது. தின்பதையும் விடவில்லை, கொஞ்சம் குறைத்தான், புழுக்கை சிறுத்தது, வெயில் காலம்தானே என்று விட்டேன். எட்டு மாதம் ஆகிவிட்டது முதல் புள்ளியிலிருந்து. பிறகு ஒருநாள் காலையில் முழி கல்லாக இருந்தது. அன்றைக்கே எடுக்கச் சொன்னேன்.

எடுத்த மறுநாள் அவன் வேலிமசாலைத் தின்ற வேகத்தைப் பார்த்து நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அப்படித் தின்றதில்லை, நான்தான் கவனிக்கவில்லை. எடுத்த கண்ணை ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பினார்கள். லென்ஸ் உறைக் கிழிசல், அதைச் சுற்றி அழற்சி, புற்று செல் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அந்தக் காகிதத்தைத்தான் இத்தனை நாளாக எல்லோரிடமும் நீட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் தம்பி, முதல் நாள் எழுதியதை அடித்துவிட்டுப் படி. மருந்தைத் தொடங்கு. வாரம் ஒருமுறை கண் அழுத்தம் பார்க்கச் சொல். கரூரிலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான், ஒருமுறை அங்கே காட்டு. லென்ஸை மட்டும் உறிஞ்சி எடுத்துக் கண்ணைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது, ஆரம்பத்திலேயே போனால்தான் அதற்குப் பொருள், செய்யும் வசதியும் எல்லா இடத்திலும் இராது, ஆனாலும் கேள். பல் அரைக்கிற சத்தம் கேட்டால் காத்திருக்காதே.

19 ஜூலை 2023, மாலை 4.45

கொஞ்சம் தடம் மாறுகிறேன், மன்னிக்கவும்.

முயல் கண், புற்று என்று தேடினால் வருகிறவற்றில் பெரும்பாலானவை முயலுக்குத் தானாக வந்தவை அல்ல, மனிதர்கள் வைத்தவை. முதலில் எரிச்சலாக இருந்தது. கண் பெரிது, கண்ணீர் குறைவு, மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைதான் இமைக்கும். அதனால்தான் 1944 இல் அமெரிக்காவில் டிரெய்ஸ் என்பவரின் சோதனை வந்தது, ஷாம்பூவிலிருந்து எல்லாவற்றையும் முயல் கண்ணில் ஊற்றிப் பார்ப்பது. நம் நாட்டில் அழகுசாதனப் பொருட்களுக்கு விலங்குச் சோதனை 2014 இல் தடை செய்யப்பட்டது.

ஆனால் ஒன்றைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாஸ்டனில் ஜூடா ஃபோக்மேன் என்று ஒரு சர்ஜன். 1970கள். புற்றுத் துணுக்கை முயல் கண்ணின் முன்னறை நீரில் மிதக்கவிட்டால் அது குண்டூசித் தலை அளவிலேயே நின்றுவிடுகிறது, சாவதும் இல்லை, வளர்வதும் இல்லை. அதே துணுக்கை ரத்த நாளம் உள்ள இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் நாளங்கள் அதை நோக்கி வளர்ந்து வருகின்றன, வந்து தொட்டதும் கட்டி ஊதிப் பெருக்கிறது. முயல் கண் கண்ணாடி ஜன்னல் மாதிரி, வெட்டாமலே தினமும் பார்க்கலாம். புற்று தனக்கு வேண்டிய ரத்தக்குழாயைத் தானே வரவழைத்துக்கொள்கிறது, அதை நிறுத்தினால் புற்றைப் பட்டினி போடலாம் என்று அவர் 1971 இல் எழுதியபோது பலர் நம்பவில்லை. குழாயை வரவழைக்கும் அந்தப் புரதத்தை 1989 இல் ஃபெராரா என்பவர் பிரித்தெடுத்தார், அதற்கு எதிரான மருந்து அவாஸ்டின் 2004 இல் குடல் புற்றுக்கு வந்தது.

அவாஸ்டின். அந்தப் பெயரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று எழுந்து போய் அலமாரியில் அப்பாவின் ஃபைலை எடுத்தேன். அப்பாவுக்குச் சர்க்கரையால் விழித்திரையில் புதுக் குழாய் முளைத்துக் கசிகிறது, மாதம் ஒரு ஊசி கண்ணுக்குள்ளேயே போடுகிறார்கள். சீட்டில் அதே பெயர்.

உன் முயல் கண்ணில் நூல் நூலாக ஓடும் சிவப்பு நாளங்களை மறுபடி ஒருமுறை போட்டோவில் பார்த்தேன். எரிச்சல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

2 ஆகஸ்ட் 2023, காலை 6.10

நாமக்கல்லில் பார்த்துவிட்டு எடுக்கத்தான் வேண்டும் என்று சொன்னதாக எழுதியிருந்தாய், அழுத்தம் ஏறிவிட்டதாம், நாளைக்கு ஆபரேஷன். சரி, வேகமாக எழுதுகிறேன்.

பட்டினி போடாதே. 'ராத்திரி முதல் தண்ணிகூட வேண்டாம்' என்று யாராவது சொன்னால், முயல் வாந்தி எடுக்காது, குடல் நின்றால்தான் ஆபத்து என்று பணிவாகச் சொல். அவன் தின்கிற புல்லைக் கையோடு கொண்டுபோ. வீட்டில் இன்னொரு முயல் இருந்தால் அதையும் கூட்டிப்போ, மயக்கம் தெளியும்போது பக்கத்தில் இருக்கட்டும். கண்ணுக்குப் பின்னால் ரத்த அறை என்று மேலே எழுதினேனே, அதில் கத்தி பட்டால் ரத்தம் கொட்டும், முயல் கண் எடுப்பதில் பயமே அதுதான். இதற்கு முன் முயலுக்குச் செய்திருக்கிறீர்களா என்று கேட்பதில் தப்பில்லை. வலி மருந்து எத்தனை நாள் என்று எழுதி வாங்கு. கண்ணை லேபுக்கு அனுப்பச் சொல், மறக்காதே.

வந்த பிறகு நாலைந்து மணி நேரத்துக்குள் எதையாவது தின்ன வேண்டும். தின்னாவிட்டால் பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில், வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. புழுக்கையை எண்ணு. சிரிக்காதே, நான் நோட்டுப் போட்டு எண்ணினேன், 41, 60, 112 என்று.

3 ஆகஸ்ட் 2023, இரவு 7.02

என்ன ஆச்சு?

3 ஆகஸ்ட் 2023, இரவு 10.31

முருங்கைக் கீரை தின்றானா, அப்பாடா.

24 ஆகஸ்ட் 2023, இரவு 9.00

ரிப்போர்ட் பார்த்தேன். லென்ஸ் கிழிசல், ஒட்டுண்ணி வித்து, புற்று இல்லை. நான் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன், போன தடவை அப்படிச் சொன்னதற்கே பட்டாயிற்று. மருந்தை 28 நாளும் முடி, கிருமி கண்ணோடு போய்விடவில்லை. கூண்டையும் தட்டையும் கொதிநீர் ஊற்றிக் கழுவு.

கண் இல்லாத பக்கம் கடைசிவரை அப்படித்தான் இருக்கும், ஆனால் முயலுக்கு ஒரு கண்ணே பாதி உலகத்தைக் காட்டிவிடும். திடீரென்று அந்தப் பக்கத்திலிருந்து தூக்காதே, பயத்தில் உதைத்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும். நான் தரையை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் போவேன். தட்டை வலது மூலையில் வை. சுவரும் இடது பக்கம் வருகிற மாதிரி கூண்டைத் திருப்பி வைத்தால் நிம்மதியாக உட்காரும்.

இன்றைக்கு அப்பாவுக்கு ஊசி. வந்து மாடியில் ஈசிச்சேரில், ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியபடி உட்கார்ந்திருந்தார். குண்டு கூண்டுக்கு வெளியே. அப்பா எட்ட இருந்தபடியே அகத்திக் கொத்தை நீட்டிக்கொண்டே இருக்கிறார், அவன் அசையவில்லை.

'ஏன்டா வாங்க மாட்டேங்கற?'

'அந்தப் பக்கம் அவனுக்குக் கண் கிடையாதுப்பா.'

'எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கான்னு எனக்கே தெரியலையே' என்றார் அப்பா.